அனாமத்துக்கு இடமில்லாத கணினி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பெரிய நிறுவனங்களின் கணினித் திட்டங்கள் ஏன் பாதியிலேயே படுத்துவிடுகின்றன என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். காரணங்களை வரிசைப்படுத்திய கட்டுரையாளர் முதலிடத்தை "ஊழியர்களின் ஒத்துழையாமை"க்குக் கொடுத்திருக்கிறார். கணினி காட்டிய கணக்கை நம்பி நூற்றுக்கணக்கான அஞ்சலகக்காரர்களைத் தண்டித்த பிரிட்டனின் அஞ்சல் நிலைய விவகாரத்தை ஒரே வரியில், "மென்பொருள் கோளாறு" என்று முடித்துவிட்டார். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் 1979இல் ஒரு வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து 2014இல் தலைமைக் காசாளராக ஓய்வு பெற்றவள். ஒத்துழைக்காத ஊழியர் என்றால் நானும் அதில் சேர்த்திதான். கணினி வந்தால் வேலை போய்விடும் என்று எண்பதுகளில் வங்கி வாசலில் கொடி பிடித்து நின்றிருக்கிறேன். 1983இல் தொழிற்சங்கங்களும் இந்திய வங்கிகள் சங்கமும் ஒப்பந்தம் போட்டன. மறு ஆண்டு, நம் அரியலூர்க்காரர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு வங்கிகளை இயந்திரமயமாக்குவது பற்றி அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகும் எங்கள் கிளைக்குப் பேரேட்டுப் பதிவு இயந்திரம் வந்துசேர 1993 ஆகிவிட்டது. வந்த அன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்ததும் கொடி பிடித்த நாங்கள்தான்.

அந்த இயந்திரம் எங்கள் கிளையில் தோற்கவில்லை. ஏன் தோற்கவில்லை என்பதை எனக்குத் தெரிந்தபடி சொல்கிறேன்.

அப்போதிருந்த மேலாளர் ஒரு பிடிவாதக்காரர். ஆறு மாதம் பேரேடும் இயந்திரமும் சேர்ந்தே ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பேரலல் ரன் என்போம். பகலில் பேரேட்டில் எழுதியதையே மாலையில் இயந்திரத்திலும் ஏற்ற வேண்டும். இரட்டை வேலை. அவரை மனத்துக்குள் திட்டாதவர் கிளையில் இல்லை. என் மகன் அப்போது மூன்றாம் வகுப்பு. பக்கத்து வீட்டுத் திண்ணையில்தான் வீட்டுப்பாடம் எழுதுவான்.

டிசம்பரில் அரையாண்டு வட்டி போட்டபோது கணக்கு உதைத்தது, அதாவது ஒத்துவரவில்லை. சேமிப்புக் கணக்குகளில் இயந்திரம் போட்ட மொத்த வட்டி, நாங்கள் கையால் போட்டதைவிடக் குறைவு. இலக்கம் இடம் மாறியிருந்தால் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும். 7,400ஐ 4,700 என்று எழுதினால் 2,700 உதைக்கும். பழைய எழுத்தர்கள் எல்லோருக்கும் கைவந்த சூத்திரம் இது. இந்த வித்தியாசம் ஒன்பதால் வகுபடவில்லை. அதனால் கணக்குக் கணக்காக உட்கார்ந்து பார்த்தோம். எல்லாக் கணக்கும் தவறவில்லை. குறிப்பிட்ட சிலருடைய கணக்குகளில் மட்டும், சில மாதங்களின் வட்டி காணாமல் போயிருந்தது. தறிக்காரர்கள், பூக்கடைக்காரர்கள், பள்ளிக்கூட ஆயா.

கண்டுபிடித்தவர் எங்கள் கிளையின் பேரேட்டு எழுத்தர் ஒருவர். பட்டம் படித்தவர் அல்ல. "இவங்க எல்லாம் பத்தாம் தேதிக் கூட்டம்மா" என்றார்.

இன்றைய வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். 2010 ஏப்ரல் வரை சேமிப்புக் கணக்குக்குத் தினசரி இருப்பின் மேல் வட்டி கிடையாது. மாதத்தின் பத்தாம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் கணக்கில் எது மிகக் குறைந்த இருப்போ அதற்குத்தான் வட்டி. பத்தாம் தேதி கவுன்டர் மூடுவதற்குள் பணம் கட்டிவிட்டால் அந்த மாத வட்டி உண்டு. பதினொன்றாம் தேதி கட்டினால் அடுத்த மாதம்தான். இது ஊருக்கே தெரியும். பத்தாம் தேதி பிற்பகல் எங்கள் கவுன்டரில் திருவிழாக் கூட்டம் நிற்கும். கைமாற்று வாங்கியாவது கொண்டுவந்து போடுவார்கள். மூவாயிரம் ரூபாய்க்கு அப்போதைய ஐந்து சதவீதத்தில் ஒரு மாத வட்டி பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசு. பூக்கடைக்காரருக்கு அது அற்பத் தொகை அல்ல.

இயந்திரத்தின் நிரல், பத்தாம் தேதி விடியும்போது கணக்கில் இருந்த இருப்பிலிருந்து பார்க்க ஆரம்பித்தது. நாங்கள் பத்தாம் தேதி கணக்கு முடிந்தபின் உள்ள இருப்பிலிருந்து பார்ப்போம். தவறு அவ்வளவுதான். "10 முதல் மாதக் கடைசி வரை" என்று விதியில் எழுதியிருந்ததை நிரல் எழுதிய பையன் எழுத்துப் பிசகாமல் செய்திருந்தான். அவன் மேல் குற்றமில்லை. பத்தாம் தேதிக் கூட்டத்தை அவனுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை.

சென்னையிலிருந்து அவனையே அனுப்பினார்கள். இருபத்து நான்கு வயது இருக்கும். மூன்று வாரம் எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். ஜனவரி பத்தாம் தேதிக் கூட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, "இது ஸ்பெசிஃபிகேஷன்லயே இல்லையே" என்று தலையில் கைவைத்துக்கொண்டான். அன்றிரவே திருத்தினான். மூன்று வாரம் எங்களோடு தயிர்சாதம் சாப்பிட்டதில் இன்னும் நான்கைந்து விஷயங்கள் அவனுக்குத் தெரியவந்தன. அவற்றையும் எழுதிக்கொண்டு போனான். கட்டுரையாளர் "பயனாளர் தேவை ஆய்வு" என்று ஒரு பெயர் கொடுத்திருக்கிறாரே, நான் பார்த்த ஆய்வு இதுதான்.

அடுத்தது தோல்வியின் பக்கத்திலிருந்து. 2005. கிளைகளையெல்லாம் ஒரே கணினியில் இணைக்கும் காலம். இந்த முறை பேரலல் ரன் கிடையாது. சனிக்கிழமை மாலை பழைய கணினியை அணைத்து, திங்கள் காலை புதியதைத் திறந்தோம். பேரேடுகள் பதிவறைக்குப் போய்விட்டன.

மூன்றாவது வாரம். மாலையில் பணத்தை எண்ணிக் கட்டிவிட்டுத் திரையைப் பார்த்தால் இருபதாயிரம் ரூபாய் துண்டு விழுகிறது. திரைக்கணக்கு கூடுதல், பெட்டியில் குறைவு. காசாளர் வேலை பார்த்தவர்களுக்கு அந்த நேரத்தில் வயிற்றில் என்ன ஆகும் என்று தெரியும். நூற்று நாற்பத்து மூன்று வரவுச் சீட்டுகள் இருந்தன. திரையில் வரும் பட்டியலிலும் நூற்று நாற்பத்து மூன்றுதான். ஒவ்வொன்றாகக் குறியிட்டோம். எல்லாம் சரி. கூட்டினால் மட்டும் உதைக்கிறது. உதவி மையத்துக்கு போன் போட்டேன். அந்தப் பக்கம் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "வேற எந்தக் கிளையிலயும் இப்படிப் புகார் இல்லையே, மேடம்" என்றாள்.

இரவு ஒன்பது மணிக்கு மேலாளர் ஒரு காரியம் செய்தார். துண்டு விழுந்த தொகையைக் காசாளரிடம் வசூலிக்க விதி இருந்தது. காரணம் தெரியும்வரை அனாமத்தில், அதாவது தீராத தொகைகளை நிறுத்தி வைக்கும் தனிக் கணக்கில், வைக்கவும் விதி இருந்தது. அவர் இரண்டாவதை எடுத்தார். "காரணம் தெரியவில்லை, விசாரணையில் உள்ளது" என்று எழுதி, இருபதாயிரத்தை அனாமத்துக் கணக்கில் பற்று வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அனாமத்து என்ற சொல்லைப் பேச்சில் நாம் கேவலமாகத்தான் பயன்படுத்துகிறோம். கேட்பாரற்றுக் கிடக்கிற பொருளை அனாமத்தாகக் கிடக்கிறது என்போம். கணக்கில் அதற்கு நேர் எதிர்ப் பொருள். அனாமத்தில் ஒரு தொகை நின்றால் யாராவது அதைத் தினம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மாதக் கடைசியில் மண்டல அலுவலகம் கேட்கும், தணிக்கைக்காரர் கேட்பார், ஆண்டு முடிவில் எல்லோரும் கேட்பார்கள். அது நேராகும்வரை ஒருவருக்கும் தூக்கம் வராது.

பதினோராம் நாள் எங்கள் ஊர்ப் பாத்திரக் கடைக்காரர் பாஸ்புத்தகம் பதிய வந்தார். "அம்மா, நான் ஒரு தடவைதானே கட்டினேன், ரெண்டு தடவை விழுந்திருக்கே" என்று புத்தகத்தை நீட்டினார். இருபதாயிரம். அன்று பிற்பகல் திரை உறைந்து நின்றபோது ஒரு வரவு இரண்டாகப் பதிவாகியிருக்கிறது. பட்டியல் அறிக்கை ஒன்றைத்தான் காட்டியது, இருப்பில் இரண்டும் ஏறிவிட்டன. அடுத்த சங்கக் கூட்டத்தில் விசாரித்தால் மூன்று கிளைகளில் இதே கதை. மூவருக்கும் "வேற எந்தக் கிளையிலயும் இல்லையே" என்றுதான் பதில் போயிருக்கிறது.

இனி பிரிட்டனுக்கு வருகிறேன். என் கதையைச் சொல்லாமல் அந்தக் கதையைச் சொன்னால் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று புரியாது.

ஹொரைசன் என்ற அந்தக் கணினித் திட்டம் அஞ்சல் நிலையக் கணக்குக்காகப் பிறந்ததே அல்ல. 1996இல் சமூக நலத் துறையும் அஞ்சல் துறையும் சேர்ந்து, ஓய்வூதியத்தையும் உதவித்தொகையையும் அட்டை மூலம் அஞ்சல் நிலையங்களில் கொடுப்பதற்காக ஆரம்பித்தது. ஒப்பந்தம் ஐ.சி.எல். என்ற கணினி நிறுவனத்துக்கு. பிறகு அந்த நிறுவனம் ஜப்பானின் ஃபுஜிட்சுவோடு ஒன்றானது. ஒரு சமையலுக்கு இரண்டு வீட்டார் சொல்லும் பக்குவம். நலத் துறைக்கு மோசடி குறைய வேண்டும். அஞ்சல் துறைக்கு ஆட்கள் கவுன்டருக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். 1999 மே மாதம் அட்டைத் திட்டம் கைவிடப்பட்டது. போட்ட பணத்துக்கு ஏதாவது மிஞ்ச வேண்டுமே. மீதமிருந்ததை அஞ்சல் நிலையங்களின் கணக்கு இயந்திரமாக நாடு முழுவதும் நிறுவினார்கள்.

அங்கே கிளை அஞ்சலகங்களை நடத்தியவர்கள் பலரும் நம்மூர் மளிகைக்கடைக்காரர் மாதிரி. கடையின் ஒரு மூலையில் அஞ்சல் கவுன்டர். கணக்கில் துண்டு விழுந்தால் அவர்கள் கைப்பணத்தைப் போட்டு நேராக்க வேண்டும் என்று ஒப்பந்தம். ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமத்தில் இருந்த ஜோ ஹாமில்டன் என்ற பெண்மணிக்கு ஒருநாள் சுமார் 2,000 பவுண்டு உதைத்தது. உதவி மையத்தைக் கூப்பிட்டார். அவர்கள் சொன்னபடி விசைகளைத் தட்டினார். கண் எதிரே அது 4,000 ஆயிற்று. யார்க்ஷயர் கடலோர ஊரான பிரிட்லிங்டனில் இருந்த லீ காசில்டன் உதவி மையத்தை 91 முறை கூப்பிட்டிருக்கிறார். 25,000 பவுண்டு அளவுக்குத் துண்டு விழுந்தது என்று அவர் மேல் வழக்கு. வக்கீல் வைக்க வசதியின்றி அவரே வாதாடித் தோற்று, 3,21,000 பவுண்டு செலவுத்தொகை கட்ட உத்தரவாகித் திவாலானார். இந்திய வம்சாவளிப் பெண் சீமா மிஸ்ரா 2010 நவம்பரில் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். உதவி மையத்தைக் கூப்பிட்ட பலருக்கும் கிடைத்த பதில், "உங்களுக்கு மட்டும்தான் இப்படி." அதைப் படித்த அன்று செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன். எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேல் வழக்குப் போட்டது அஞ்சல் நிறுவனமே. குற்றம் சாட்டியதும் அது, துப்பறிந்ததும் அது, கணக்கு இயந்திரத்தின் சொந்தக்காரரும் அது.

மென்பொருளில் பிழை இல்லையா என்றால் இருந்தது, நிறையவே இருந்தது. டால்மெலிங்டன் பிழை என்று ஒன்றுக்கு அந்த ஸ்காட்லாந்து ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. 2015இல் 8,000 பவுண்டு வந்ததைப் பதியும்போது திரை நகரவில்லை. மறுபடி மறுபடி தட்டியதில் நான்கு முறை பதிவாகி 24,000 பவுண்டு உதைத்தது. என் இருபதாயிரத்தின் கூடப்பிறந்தது. எனக்கு நடந்ததும் அங்கே நடந்ததும் ஒரே மாதிரிப் பிழைதான். ஆனால் எனக்கு மண்டல அலுவலகத்துக்கு நான்கு கடிதம் எழுதியதோடு போயிற்று. அங்கே ஆட்கள் சிறைக்குப் போனார்கள். இந்த வேறுபாட்டை "மென்பொருள் கோளாறு" என்ற வரி விளக்கவில்லை.

நான் விளக்குகிறேன். ஹொரைசனிலும் முதலில் கிளை அளவில் ஓர் அனாமத்துக் கணக்கு இருந்தது. உதைக்கிற தொகையை, தகராறு தீரும்வரை அதில் நிறுத்தி வைக்கலாம். 2005இல் கணக்குமுறையை மாற்றியபோது அதை எடுத்துவிட்டார்கள். அதன்பின் கிளைக்காரர் கையில் இருந்தது இரண்டே வழி. பணத்தைக் கட்டு, அல்லது கட்ட வேண்டியது என் கடன் என்று ஒப்புக்கொள். "தெரியவில்லை" என்று எழுத ஒரு வரி கிடையாது. இந்த இரண்டும் முடியாதவர்கள், மறுநாள் கடையைத் திறக்க வேண்டுமே என்று, கணக்கு சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பெயர் பொய்க்கணக்கு. ஜோ ஹாமில்டன் ஒப்புக்கொண்ட குற்றம் அதுதான்.

எங்கள் மேலாளர் இருபதாயிரத்தை நிறுத்திவைத்ததும் அதே 2005 என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

இதற்கு மேல் சட்டம் வேறு. இங்கிலாந்தில் கணினி தரும் சாட்சியம் சரியாக இயங்கிய இயந்திரத்திலிருந்து வந்தது என்று முன்பு நிரூபிக்க வேண்டியிருந்தது. 2000இல் அந்தச் சட்டப் பிரிவை நீக்கிவிட்டார்கள். இயந்திரம் சரி என்றே வைத்துக்கொள்ளப்படும், தவறு என்பவர் காட்ட வேண்டும். ஒரு மளிகைக்கடைக்காரர் எதைக் காட்டுவார்? நம் நாட்டில் வங்கிக் கணக்கின் அச்சுப்பிரதி நீதிமன்றத்துக்குப் போகும்போது மேலாளரின் சான்றிதழ் ஒன்று, கணினிப் பொறுப்பாளரின் சான்றிதழ் ஒன்று இணைக்க வேண்டும். நானே தட்டச்சு செய்திருக்கிறேன். உண்மையைச் சொல்வதானால், அதில் உள்ள வாசகங்களைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நம் முறை உசத்தி என்று மார்தட்ட வரவில்லை.

2019 டிசம்பர் தீர்ப்பில் நீதிபதி ஃப்ரேசர், ஹொரைசனில் பிழையே இல்லை என்று அஞ்சல் நிறுவனம் சாதித்ததை, பூமி தட்டை என்று இந்த நூற்றாண்டில் சாதிப்பதற்கு ஒப்பிட்டார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ஒரே நாளில் ரத்து செய்தது. 2024 மே மாதம் தனிச் சட்டமே போட்டு மற்றவர்களை விடுவித்தார்கள். ஆலன் பேட்ஸ் என்பவர் வேல்ஸில் தன் அஞ்சலகத்தை 2003இல் பறிகொடுத்துவிட்டு இருபது ஆண்டு விடாமல் இழுத்த தேர் அது.

கட்டுரையாளரின் "ஒத்துழையாமை" வாதத்துக்கும் ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறேன். கனடா அரசு ஊழியர்களின் சம்பளத்துக்கு 2016இல் ஃபீனிக்ஸ் என்ற கணினி வந்தது. ஆண்டுக்கு ஏழு கோடி டாலர் மிச்சம் என்று கணக்கு. துறைதோறும் சம்பளக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சுமார் 1,200 பேரின் இடங்களை எடுத்துவிட்டு, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் மிராமிஷி என்ற சிறு நகரத்தில் அதில் பாதிக்கும் குறைவானவர்களை உட்கார வைத்தார்கள். 984 செயல்பாடுகளில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை நேரத்தையும் செலவையும் மிச்சப்படுத்த நீக்கினார்கள், அல்லது தள்ளிப்போட்டார்கள். ஒரு துறையில் ஓட்டிப்பார்க்க இருந்த முன்னோட்டத்தையும் ரத்து செய்தார்கள். பிறகு பல்லாயிரம் பேருக்குச் சம்பளம் குறைந்தது, கூடியது, சிலருக்கு வராமலே போனது. இதில் ஒத்துழைக்காதவர் யார்? ஒத்துழைக்கத் தெரிந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டல்லவா திட்டத்தைத் திறந்தார்கள்.

உங்கள் செய்தியாளர்கள் புதிய கணினித் திட்டங்களின் தொடக்க விழாவுக்குப் போகிறார்கள். எத்தனை கோடி, எத்தனை நிமிடத்தில் சேவை என்று எழுதுகிறார்கள். மேடையில் இருப்பவர்களை விட்டுவிட்டுக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒன்று கேட்டு வரச் சொல்லுங்கள்: "இது உதைத்தால் நீங்கள் எங்கே எழுதி வைப்பீர்கள்?" அவர் ஏதாவது ஒரு கணக்கின் பெயரையோ படிவத்தின் எண்ணையோ உடனே சொன்னால் அந்தத் திட்டத்தைப் பற்றி நல்லபடியாகவே எழுதலாம். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அதெல்லாம் உதைக்காதுன்னு சொல்லியிருக்காங்க" என்றால், அதையும் அப்படியே அச்சிடுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, தெரிகிறது. இடம் போதாவிட்டால் கனடாவை எடுத்துவிடுங்கள். நான் கொடி பிடித்ததையும் எடுத்துவிடலாம். பத்தாம் தேதிக் கூட்டத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமைக் காசாளர்,
கும்பகோணம்.